துணி வேண்டாம், இலையில் அனுப்பு

ஏற்காடு
14.10.1986

ராசாத்திக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று தினமும் உன் ஊர்ப் பக்கம் வந்துபோகும் ஜீப் டிரைவர் ஏசுராஜிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். உன் நாத்தனார் மாதம்மாள் கையில் கிடைத்தால் நேராக அடுப்புக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று நீ செய்தது சரியா? எட்டாம் மாதத்தில் பிறந்த பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோகூட நிறையவில்லை. அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிக் கரடியூருக்குப் போய்விட்டாய். குதிகாலில் ஊசி குத்தி நான் ரத்தம் எடுத்ததுதான் உனக்குக் குற்றம். ஏன் எடுத்தேன் என்று நீ கேட்கவும் இல்லை, சொல்ல எனக்கு நேரம் கொடுக்கவும் இல்லை.

குறைமாதக் குழந்தையின் குடல் மிகவும் மெல்லியது. பால் செரிக்காமல் அது புண்ணாகும். பிறகு வயிறு ஊதும், குடல் அழுகும். உன் மூத்த பையன் கீழே சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் இப்படித்தான் போனான் என்று நீயே என்னிடம் சொன்னாய். வயிறு ஊதிய பிறகு தெரிந்து என்ன பயன்? அதற்கு முன்பே தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்த ஊசி.

கேட்டில் நின்று நான் கத்தியது உனக்கு வலித்திருக்கும். அந்த வார்த்தையைத் திரும்பப் பெற மாட்டேன். குழந்தை பிழைத்து எழுந்த பிறகு வேண்டுமானால் பெறுகிறேன். திரும்பி வா.

டாக்டர் சரஸ்வதி


கரடியூர்
16.10.1986

மதிப்பிற்குரிய டாக்டரம்மாவுக்கு ராசாத்தி எழுதுவது.

கடிதம் கைக்கு வந்தது. நான் எட்டாவது வரை படித்தவள். நீங்கள் எழுதிய எல்லாம் புரிந்தது. நீங்கள் கத்தியதும் புரிந்தது. "புள்ளையக் கொல்றதுக்கா தூக்கீட்டுப் போற?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்கள். பெற்றவளைப் பார்த்து அப்படிக் கேட்பீர்களா? மறுபடி அந்தக் கேட்டுக்குள் எப்படி வருவேன்?

என் பையனுக்கும் தினம் தினம் குத்தினார்கள். காலில் இடம் இல்லாமல் கையில், கையில் இடம் இல்லாமல் தலையில். ஒவ்வொரு தடவையும் "டெஸ்டு, டெஸ்டு" என்றார்கள். கடைசியில் அவனும் இல்லை, டெஸ்டில் என்ன தெரிந்தது என்று ஒருவரும் சொல்லவும் இல்லை. இவளுக்கும் குதிகாலில் ரத்தம் வந்ததைப் பார்த்ததும் என் கால் தானாக நடந்துவிட்டது.

எங்க ஊட்டுக்காரர் சித்தன் நேற்று சொன்னார்: "ஆட்டுக்கு வவுறு கெட்டுப்போச்சுன்னா புழுக்கையப் பாத்துச் சொல்றோம். அதோட தொடையக் கீறியா பாக்கறோம்?" கோபத்தில் சொன்னார்தான். ஆனால் நானும் அதையே கேட்கிறேன். குத்தாமல் கண்டுபிடிக்க வழி இல்லையா? இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

குழந்தை பால் குடிக்கிறது. நான் வர மாட்டேன்.

இப்படிக்கு,
ராசாத்தி


ஏற்காடு
17.10.1986

ராசாத்திக்கு,

உன் வீட்டுக்காரர் சொன்னது சரி. இதை அவரிடம் சொல்லிவிடாதே, பிறகு பிடிக்க முடியாது.

வழி இருக்கிறது. குழந்தையின் மலத்தை வைத்துப் பார்க்கலாம். மருத்துவப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். இங்கே யாரும் செய்வதில்லை, நானும் செய்ததில்லை. ஊசியை எடுப்பது எங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்த பிறகு பழைய பத்திரிகைகளைத் தேடி எடுத்தேன்.

பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது. குடல் நன்றாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். குடல் புண்ணாகத் தொடங்கினால் சர்க்கரை அப்படியே வெளியே வந்துவிடும். சர்க்கரை வியாதிக்காரர்களின் சிறுநீரைப் பார்க்கும் நீல மருந்து நம் லேபில் இருக்கிறது. மலத்தில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து அந்த மருந்தோடு கொதிக்க வைத்தால் போதும். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சை என்றாலும் பயம் இல்லை. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. வயிறு ஊதுவதற்கு முன்பே இது சொல்லிவிடும்.

குழந்தையைத் தொட வேண்டாம், குத்த வேண்டாம். நீ வரக்கூட வேண்டாம். தினம் அது போகும் துணியைக் காலை ஜீப்பில் அனுப்பு. நான் பார்த்து மாலை ஜீப்பில் பதில் எழுதுகிறேன். ஆனால் ஒரு பேரம். நிறம் மாறியது என்று நான் எழுதினால் நீ அன்றைக்கே கிளம்பி வர வேண்டும். சம்மதமா?

சரஸ்வதி


கரடியூர்
19.10.1986

டாக்டரம்மாவுக்கு,

சம்மதம். இத்துடன் துணி அனுப்பியிருக்கிறேன்.

ராசாத்தி


ஏற்காடு
19.10.1986, மாலை

ராசாத்திக்கு,

துணி வந்தது. மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை வெளேரென்று வந்தது. நான்காக மடித்து, சோப்பு வாசனையோடு! இதில் நான் எதைக் கொதிக்க வைப்பது, உன் சோப்பையா? மலத்தைக் கேட்டால் சலவை போட்டு அனுப்புகிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா இல்லையா?

நாளைக்கு அலசாமல் அனுப்பு.

சரஸ்வதி


கரடியூர்
20.10.1986

டாக்டரம்மாவுக்கு,

புத்தி இருக்கிறதுங்க. அதனால்தான் அலசினேன்.

படித்தவர்களுக்கு, அதுவும் ஒரு டாக்டருக்கு, பீத்துணியை எப்படி அனுப்புவேன்? அது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வழக்கப்படி பிள்ளை பெற்றவள் முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை கொல்லையில் உள்ள குடிசையில் இருக்க வேண்டும். ஓடையைத் தாண்டக்கூடாது. பிள்ளையின் துணியும் தாண்டக்கூடாது. அலசினால் தீட்டு போய்விடும், அதனால் அலசியதை அனுப்பினால் தப்பில்லை என்று நினைத்தேன். நிறம் மருந்தில்தானே வரப்போகிறது, துணி எப்படி இருந்தால் என்ன என்றும் நினைத்துவிட்டேன். இதற்குப் போய் இவ்வளவு திட்டு.

அலசாத துணியைப் பையில் வைத்ததை நாத்தனார் பார்த்துவிட்டார். "பச்சத் துணி ஓடையத் தாண்டுச்சுன்னா புள்ளைக்கு ஆகாது. ஆஸ்பத்திரி என்ன, அரமனையே கேட்டாலும் குடுக்கக்கூடாது" என்று பிடுங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள். என் பையன் போனபோது என்னைவிட அதிகமாக அழுதவர் அவர்தான்.

உட்கார்ந்து யோசித்தேன். பிறகு கேட்டேன்: "துணி தாண்டக்கூடாது, சரி. எலை தாண்டலாமுங்களா?" அவர் துணியை வாளியில் போட்டு முக்கினார். அப்புறம், "எலைக்கு ஒண்ணுஞ் சொல்லலயே" என்றார்.

அதனால் இன்றைக்குக் குழந்தைக்கு அடியில் வாட்டிய வாழை இலைத் துண்டை வைத்தேன். இலையை மடித்து, நார் கட்டி அனுப்பியிருக்கிறேன். இதற்கும் திட்டுவீர்களா?

ராசாத்தி


ஏற்காடு
20.10.1986, மாலை

ராசாத்திக்கு,

திட்டவில்லை. முதலில் உன் பொட்டலம் பட்ட பாட்டைக் கேள். வாழை இலை, நார்க்கட்டு, கரடியூரிலிருந்து வந்தது என்றதும் ஆயா மல்லிகா கோவில் பிரசாதம் என்று நினைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து பயபக்தியோடு பிரித்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் பிரசவ அறையில் இருந்தவளுக்கு வலியே எடுத்துவிட்டது. இனி மேலே பெயர் எழுதி அனுப்பு.

இப்போது விஷயம். பச்சை, அதுவும் இளம்பச்சை. பயம் இல்லை.

இன்னொன்று. இங்கே வார்டில் இருக்கும் ஒரு குழந்தையின் துணியிலிருந்து எடுத்தும் செய்து பார்த்தேன். சரியாக வரவில்லை. தண்ணீரை எல்லாம் துணி குடித்துவிடுகிறது, சர்க்கரையும் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. இலை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. உன் நாத்தனார் துணியைப் பிடுங்கியது நல்லதாகப் போயிற்று. இனி வார்டிலும் இலைதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள வாழைக்குத் தோட்டக்காரர் காவல் இருக்கிறார், நான் அவரோடு சண்டை போட்டுக்கொள்கிறேன்.

துணி வேண்டாம், இலையில் அனுப்பு. தினமும்.

சரஸ்வதி


கரடியூர்
24.10.1986

டாக்டரம்மா,

இன்று இலையில் சிவப்பு இருக்கிறது. கோடு மாதிரி. என் பையனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

குழந்தை சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. வயிறு மெத்தென்று இருக்கிறது. பேரத்தை நான் மறக்கவில்லை. வரச் சொன்னால் வருகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். எனக்கு இரண்டு நாளாக மார்க்காம்பு வெடித்திருக்கிறது. பால் கொடுக்கும்போது உயிர் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறேன். சொன்னால் பால் கொடுக்காதே என்று விடுவார்களோ என்று பயம். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. பதில் வரும் வரை வாசலிலேயே நிற்பேன்.

ராசாத்தி


ஏற்காடு
24.10.1986, மாலை

ராசாத்தி,

முதலில் உட்கார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

நல்ல காலம் சொன்னாய். சொல்லாமல் இருந்திருந்தால் உன்னை அலறியடித்து வரவழைத்து, பாலையும் நிறுத்தியிருப்பேன். பெரியவர்கள் ரத்தத்துக்கும் பிறந்த குழந்தை ரத்தத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கரைத்து வடித்து, அதில் காரநீர் விட்டால் பெரியவர் ரத்தம் பழுப்பாக மாறிவிடும். பச்சைக் குழந்தையின் ரத்தம் சிவப்பு மாறாமல் நிற்கும். உன் இலையில் இருந்ததைக் கரைத்துக் காரநீர் விட்டுவிட்டு, கடிகாரத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கே வியர்த்துவிட்டது. பழுப்பானது.

அது உன் ரத்தம், ராசாத்தி. வெடிப்பில் வந்ததைப் பாலோடு சேர்த்து அவள் குடித்திருக்கிறாள். நீல மருந்தும் பச்சைக்கு மேல் போகவில்லை.

வெடித்த பக்கத்தில் இரண்டு நாள் கொடுக்காதே. கையால் பீய்ச்சிவிடு. நல்ல பக்கத்துப் பாலைப் பாலாடைச் சங்கில் கொடு. வெடிப்பில் உன் பாலையே தடவிக் காயவிடு. இனி எங்கேயாவது வலித்தால் பல்லைக் கடிக்காதே, வாயைத் திறந்து சொல்.

சரஸ்வதி


ஏற்காடு
28.10.1986, பகல் பன்னிரண்டு மணி

ராசாத்தி,

மாலை ஜீப் வரை காத்திருக்கவில்லை. ஏசுராஜைக் கெஞ்சித் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நேற்று மஞ்சளாக வந்தது. ஒரு நாள் பார்க்கலாம் என்று உனக்கு எழுதவில்லை. இன்று செங்கல் நிறம். நம்பாமல் மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதேதான். கண்ணுக்குச் சிவப்பு தெரியவில்லை. ஆனால் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் மருந்திலும் மாற்றம் தெரிகிறது.

ஒரே ஒரு கேள்வி. நேற்றோ இன்றோ யாராவது குழந்தையின் நாக்கில் தேனோ குளுக்கோஸ் தண்ணீரோ வைத்தார்களா? வைத்திருந்தால் இப்படி நிறம் வரலாம். திட்ட மாட்டேன், உண்மையைச் சொல். அப்படி ஒன்றும் இல்லை என்றால் கிளம்பு. பாலை இப்போதே நிறுத்து. குழந்தையை மாரோடு ஒட்டி அணைத்துக்கொண்டு வா, குளிர் படக்கூடாது.

உன்னிடம் பொய் சொல்லி வரவழைக்க மாட்டேன். இங்கே வந்தால் ஓர் ஊசி குத்துவேன். குடலுக்கு ஓய்வு கொடுக்கப் பால் இல்லாமல் சில நாள் வைக்க வேண்டும், அதற்கு டிரிப் வேண்டும், மருந்தும் அதிலேதான் போகும். கண்டுபிடிக்க நான் குத்தவில்லை. காப்பாற்றக் குத்துகிறேன்.

ஏசுராஜ் ஓடைக்கு இந்தப் பக்கம் நிற்பான். நீ வரும் வரை வண்டியை எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

சரஸ்வதி


கரடியூர்
1.12.1986

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

குழந்தையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் இத்தனை நாள் உங்கள் பக்கத்திலேயே இருந்தும் சில விஷயங்களைச் சொல்லவில்லை. உங்களிடம் எழுதிப் பழகிவிட்டது, நேரில் வாய் வரவில்லை.

அன்று நான் எப்படிக் கிளம்பினேன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்தபோது குழந்தை கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. வயிறு ஊதவில்லை, அழவில்லை. காலையில்கூட நன்றாகக் குடித்தது. இவரும் பார்த்துவிட்டு, "புள்ள நல்லாத்தானே இருக்குது?" என்றார். தேன் வைத்தார்களா என்று கேட்டிருந்தீர்கள். யாரும் வைக்கவில்லை. ஆனால் 'ஆமாம், வைத்தோம்' என்று ஒரு வரி எழுதி ஏசுராஜ் அண்ணனிடம் கொடுத்துவிட்டால் நான் வர வேண்டியதில்லை, ஊசி இல்லை, யாரோடும் சண்டை இல்லை. பென்சிலைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தேன். என் ரத்தம் எது, அவள் ரத்தம் எது என்று பிரித்துச் சொன்னவர் இதில் மட்டும் தப்பாகச் சொல்வாரா என்று தோன்றியது. பென்சிலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

நாத்தனார் வழி மறித்தார். "தண்ணி ஊத்தாம ஓடையத் தாண்டாத ராசாத்தி. இன்னும் நாளு இருக்குது." நான் நின்று பேசவில்லை. நடந்துகொண்டே, "அவனைப் பறிகுடுத்தப்ப எல்லா நாளும் எண்ணித்தான் வெச்சிருந்தோம், என்ன ஆச்சுங்க?" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் ஓடையில் இறங்கிவிட்டேன்.

பாதி ஓடையில் நிற்கும்போது பின்னால் தண்ணீரில் யாரோ ஓடி வரும் சத்தம். திரும்பினால் நாத்தனார், கையில் பித்தளைச் சொம்பு. குழந்தையை என் கையிலிருந்து வாங்கித் தன் இடுப்புச் சேலைக்குள் வைத்துக்கொண்டார். ஓடைத் தண்ணீரை மொண்டு என் தலையில் ஊற்றினார். மூன்று சொம்பு. "முப்பது முடிஞ்சு போச்சு. நாளு எண்றது நாமதான, சாமி எந்திரிச்சு வந்தா எண்ணுது? நட, நானும் வாரேன்" என்றார். ஈரத்தோடு நான் ஜீப்பில் வந்ததற்கு நீங்கள் வாசலிலேயே திட்டினீர்களே, காரணம் இதுதான். குழந்தை அவர் வயிற்றுச் சூட்டில் காய்ந்துதான் வந்தது.

நீங்கள் ஊசி குத்தும்போது அவளைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். நான் பார்க்கவில்லை. அன்று மாலையே அவள் வயிறு ஊதியதைப் பார்த்தேன். டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது ஊதியது. அந்த நேரத்தில் நாங்கள் கரடியூரில் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து போய் அவளைத் தொட்டுப் பார்க்கிறேன். தீபாவளிக்கு ஊரெல்லாம் வெடி, நான் பாலைப் பீய்ச்சி ஜன்னலுக்கு வெளியே இருந்த செம்பருத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். முதல் பாலாடைப் பால் மறுபடி அவள் வாயில் போன அன்று நான் அழுததை நீங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போனீர்கள். அதற்கு நன்றி.

பெயர் வைத்துவிட்டோம். உங்கள் பெயரை வைக்கலாம் என்று இவர் சொன்னார். கோபக்காரி பெயர் வேண்டாம், வீடு தாங்காது என்று சொல்லிவிட்டேன். பாவாயி என்று வைத்திருக்கிறோம்.

நீங்கள் எனக்கு ஒன்று தர வேண்டியிருக்கிறது. நினைவு இருக்கிறதா?

ராசாத்தி


ஏற்காடு
3.12.1986

அன்புள்ள ராசாத்திக்கு,

நினைவு இருக்கிறது. பாவாயி பிழைத்து எழுந்துவிட்டாள். கேட்டில் நின்று நான் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னேன் என்று எழுதியிருந்தாய். அதனால் இன்று காலை அதே வார்டில் நின்று, மல்லிகா, நர்ஸுகள், படுத்திருந்த தாய்மார் எல்லாரும் கேட்க, 'ராசாத்தியை நான் சொன்னது தப்பு' என்று சத்தமாகச் சொன்னேன். மல்லிகா எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்னொரு செய்தி. சேலத்தில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் இந்த இலை விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்கள். ஒரு குழந்தையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒன்று போதாதுதான். அதனால் என்ன, இன்னும் பார்க்கிறேன். வார்டில் குறைமாதக் குழந்தை எது பிறந்தாலும் முதல் வேலை இலை போடுவது. தோட்டக்காரர் என்னோடு பேசுவதில்லை.

மலைமேல் வீட்டிலேயே பிறக்கும் குழந்தைகளுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. என்னிடம் அவர்கள் யாரும் வருவதில்லை.

சரஸ்வதி


கரடியூர்
9.12.1986

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நீங்கள் சொன்ன வார்த்தை வந்து சேர்ந்தது. உங்கள் கடிதத்தை நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

இத்துடன் வரும் பொட்டலத்தை மல்லிகா அக்காவைத் தொட விடாதீர்கள். மேலே பெயர் எழுதியிருக்கிறேன், பாருங்கள். இது பாவாயியுடையது இல்லை. மஞ்சக்குட்டையில் அம்மணி என்று ஒருத்தி, போன வாரம் வீட்டிலேயே பெற்றாள். ஏழரை மாதம்தான் இருக்கும், பையன், என் உள்ளங்கை அகலம். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறாள், ஊசி என்றால் பயம். நானும் நாத்தனாரும் நேற்று நடந்து போய்ப் பேசினோம். நாத்தனார்தான் அவள் மாமியாரிடம் சொன்னார்: "துணியத்தான குடுக்கக்கூடாது? எலையக் குடுங்க." இலையை வாட்டி அவரே அடியில் வைத்துவிட்டு வந்தார்.

தேன், குளுக்கோஸ் தண்ணீர் எதுவும் வைக்கவில்லை. கேட்டுவிட்டேன். அம்மணிக்கு மாரில் வெடிப்பு இல்லை. பார்த்துவிட்டேன். பாவாயியைத் தூக்கிக்கொண்டுதான் போயிருந்தேன். அம்மணி அவள் குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நிறம் என்ன என்று மாலை ஜீப்பில் எழுதுங்கள். பச்சைக்கு மேலே போயிருந்தால் எனக்கே எழுதுங்கள், அவளுக்கு வேண்டாம். நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

ராசாத்தி